நாக்கை நீட்டு

கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டில் தங்கி வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் காலையில் முதலில் கேட்ட பேச்சு இதுதான்: "நாக்கை நீட்டு." பல் தேய்க்கக் கிணற்றடிக்குப் போகும் முன்பே ஆச்சி எங்களை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்திவிடுவாள். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, ஓரம் சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்ப்பாள். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். நெற்றியிலும் உள்ளங்கையிலும் கை வைப்பாள். பிறகு கேள்விகள் வரும். "ராத்திரி ஒறங்கினியா? வெளிக்குப் போனியா? பசிக்கா?"

எங்கள் பதிலை வைத்துத்தான் அன்றைய அடுக்களை நடக்கும். வாய்ப்புண் என்றால் மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப்பால் விட்டுக் கூட்டு. வெளிக்குப் போகவில்லை என்றால் மதியம் கீரை, ராத்திரி வாழைப்பழம், நாள் முழுக்க அடிக்கடி ஒரு செம்புத் தண்ணீர். பசிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளைக்கு இட்லி கிடையாது. ஒரு துண்டு இஞ்சியை உப்புத் தொட்டு மென்று வெந்நீர் குடித்துவிட்டு, பசி வரும்வரை விளையாடப் போகலாம். பசி வந்தபின் சுடச்சுடச் சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். அந்தச் சாப்பாட்டுக்கு இருந்த ருசி வேறு எதற்கும் இருந்ததில்லை.

வளர்ந்து, சித்த மருத்துவம் பற்றிக் கொஞ்சம் படிக்கத் தொடங்கியபோது 'எண்வகைத் தேர்வு' என்ற பகுதிக்கு வந்து நின்றேன். நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்ற எட்டையும் பார்த்துத்தான் நோயை அறிய வேண்டும் என்கிறது அந்த மரபு. நாடியையும் சிறுநீரையும் விட்டால் மீதி எல்லாவற்றையும் ஆச்சி தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த நூல்களில் எதையும் படித்தவள் அல்ல. அவளுடைய அம்மா அவளை அப்படி நிறுத்திப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இயற்கை மருத்துவம் என்று இன்று யாராவது சொன்னால் கேட்பவர் மனதில் ஒரு பொடியோ கஷாயமோ பாட்டிலோ தோன்றுகிறது. எனக்குத் தோன்றுவது அந்த முற்றத்து வெளிச்சம். மூலிகைகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த வீட்டில் எங்களை நலமாக வைத்திருந்ததில் பெரும்பங்கு, ஒருவர் உடம்பை இன்னொருவர் அன்றாடம் கவனித்ததற்கே உரியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே பொதிகை மலை. அகத்தியர் அங்கேதான் இருக்கிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தாமிரபரணி அந்த மலையிலிருந்து இறங்கி ஊரை ஒட்டிப் போகிறது. கன்னடியன் கால்வாய் அதிலிருந்து பிரிந்து வயல்களுக்குப் போகிறது. ஆனி பிறந்தால் குற்றாலத்துச் சாரல் இங்கேயும் எட்டிப் பார்க்கும். மலையும் ஆறும் சேர்ந்த அந்த மண்ணில் சித்த மருத்துவம் ஊன்றி நின்றதில் வியப்பில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கப்பட்டபோது, எங்கள் ஊர்களில் ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்துவந்த குடும்பங்கள் இருந்தன.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அப்படி ஒரு வைத்தியர் இருந்தார். ஆச்சி அவரை 'வைத்தியரையா' என்பாள். திண்ணையில் உட்கார்ந்து, பெண்களுக்கு இடது கையிலும் ஆண்களுக்கு வலது கையிலும் நாடி பார்ப்பார். ஆள்காட்டி விரலின் கீழ் வாதம், நடுவிரலின் கீழ் பித்தம், மோதிர விரலின் கீழ் கபம். மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற அளவில் நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். ஆனால் நாடியில் கை வைக்கும் முன் வெகுநேரம் பேசுவார். என்ன வேலை, எப்போது சாப்பாடு, எப்போது தூக்கம், வீட்டில் சண்டையா, வயலில் தண்ணீர் வந்ததா என்றெல்லாம் கேட்பார். மருந்து கொடுப்பது கடைசியில்தான். பல நேரம் மருந்தே கொடுக்காமல், "பத்து நாளைக்கு ராத்திரிச் சாப்பாட்டைப் பொழுது சாயும் முன்னே முடிச்சிருங்க, பெறகு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

அவர் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு பாடம் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. நோயைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்தறிய வேண்டும் என்பது அது. எங்கள் மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஊரே கீழாநெல்லி அரைத்துக் கொடு என்றது. வைத்தியரையா கண்ணையும் சிறுநீரையும் பார்த்துவிட்டு, எண்ணெயையும் சாராயத்தையும் நிறுத்தச் சொன்னார். கூடவே, "உடம்பு முழுக்க அரிப்பு வந்தாலோ, மலம் சுண்ணாம்பா வெளுத்தாலோ, ஆள் பேச்சுக் குழறினாலோ எங்கிட்டே வராதீங்க, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். மலம் வெளுத்தது. மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகுதான் மஞ்சள் இறங்கியது. மஞ்சள் காமாலை என்பது பல நோய்கள் காட்டும் ஓர் அடையாளம். கிருமியால் வருவது பல வேளை தானே தணியும். அடைப்பால் வருவது தணியாது. தன் கையில் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்த வைத்தியர் அவர். அந்தத் தெளிவுக்காகவே அவரை இன்றும் கும்பிடுகிறேன்.

*

ஆச்சியின் அடுக்களை பருவத்தோடு மாறும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்த தமிழ் மரபு எங்களுக்குப் பள்ளிப் பாடத்தில் பிறகுதான் வந்தது. தட்டில் முன்பே வந்துவிட்டது.

பங்குனியில் வேம்பு பூக்கும். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து நிழலில் காயவைப்போம். ஆண்டு முழுக்க ரசத்துக்கு அது ஆகும். சித்திரை, வைகாசியில் பதநீர், நுங்கு, தண்ணீராக விளாவிய மோர். சாரல் காலத்தில் தூதுவளை ரசம், கருப்பட்டி போட்ட சுக்கு மல்லிக் காப்பி. மழை நாளில் முடக்கத்தான் தோசை. வாரத்தில் ஒருநாள் கசப்பு கட்டாயம்: பாகற்காயோ, சுண்டை வற்றலோ, அகத்திக்கீரையோ. வேலியோரத்துப் பிரண்டையைக் கணு நீக்கி நல்லெண்ணெயில் நன்றாக வதக்கித் துவையல் அரைப்பாள். சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு ஆறும் வாரத்துக்குள் தட்டில் வந்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. துவர்ப்புக்கு வாழைப்பூ.

ஐப்பசியில் தீபாவளி மருந்து. இரண்டு நாள் முன்பே சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டத்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், மல்லி எல்லாவற்றையும் வெயிலில் போட்டு, இடித்து, சலித்து வைப்பாள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சி, பொடியைத் தூவிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் மாறி மாறி விட, ஒரு கட்டத்தில் உருண்டு திரண்டு உருளியை விட்டு விலகும். ஆறிய பிறகு தேன். தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், பலகாரத்தில் கை வைக்கும் முன், நெல்லிக்காய் அளவு மருந்து ஒவ்வொருவர் கையிலும் வைக்கப்படும். எண்ணெய்ப் பலகாரம் வருகிற அன்றே அதற்கான மருந்தையும் திருவிழாவுக்குள் சேர்த்து வைத்தவர்கள் நம் முன்னோர். உண்பதன் விளைவை உண்ணும் முன்பே நினைக்கும் பழக்கம் அது.

தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதிகளும் இதே நினைப்பில் எழுந்தவை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மோரை நீர் பெருக்கிக் குடி, நெய்யை உருக்கி ஊற்று, பகலில் தூங்காதே, முதல் நாள் சமைத்ததை உண்ணாதே, முறையாக எண்ணெய் தேய்த்துக் குளி என்று அவை போகின்றன. ஒன்றிலும் அரிய சரக்கு இல்லை. ஏழை வீட்டிலும் கடைப்பிடிக்கக்கூடியவை.

*

எண்ணெய்க் குளியல் பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும். பள்ளி நாட்களில் எங்களுக்கு வெள்ளி வாய்க்காது, எனவே விடுமுறை நாளுக்கு மாற்றிக்கொள்வோம். நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் பச்சரிசியும் போட்டு, அரிசி பொரியும்வரை காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் வைப்பாள். பிறகு காது, கழுத்து, தோள், முதுகு, தொப்புள், முழங்கால், உள்ளங்கால். ஒரு மூட்டையும் விடமாட்டாள். அரைமணி ஊறி, சீயக்காயும் பச்சைப்பயறும் வெந்தயமும் சேர்த்து அரைத்த பொடியில் வெந்நீரில் குளியல். சாம்பிராணிப் புகையில் தலை உலரும். அன்று பகலில் தூங்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது, குளிர்ந்ததைச் சாப்பிடக் கூடாது.

அந்த அரைமணி நேரத்தில் ஆச்சியின் விரல்கள் பிள்ளைகளின் உடம்பை முழுவதுமாகப் படித்துவிடும். பேன், சிரங்கு, முள் குத்தியது, பள்ளியில் வாங்கிய அடி எதையும் மறைக்க முடியாது. ஒருமுறை என் சித்தப்பா மகளுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கழுத்தில் ஆச்சியின் கை நின்றுவிட்டது. "ஏட்டி, இங்க நெறி கட்டியிருக்கே. எத்தன நாளா?" தோள் எலும்பையும் தடவிப் பார்த்தாள். மெலிந்திருக்கிறாள் என்று சொன்னாள். சித்தி, வளர்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றாள். ஆச்சி விடவில்லை. பத்துப்போட்டுப் பார்ப்போம் என்று யாரோ சொன்னதற்கும் இணங்கவில்லை. மறுநாளே அரசு ஆஸ்பத்திரி. நெறியில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது.

ஆறு மாத மருந்து. அந்த ஆறு மாதமும் மாத்திரை கொடுக்கும் பொறுப்பை ஆச்சி தன்னிடமே வைத்துக்கொண்டாள். விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நகருவாள். மாத்திரையில் பசி மந்திக்கும்போது சீரகமும் பெருங்காயமும் போட்டு ரசம். பயறு, கடலை, எள்ளுருண்டை, உளுந்தஞ்சோறு, பால் என்று நேரம் தவறாமல் ஊட்டினாள். அந்த அக்கா தேறி, இன்று மூன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள்.

இதை நான் வெறும் பாசக்கதையாக நினைத்திருந்தேன். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக உணவுப் பொருள் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிலும், தொடக்கத்திலேயே எடை கூடியவர்கள் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மாத்திரை கிருமியைக் கொல்கிறது. சோறு அந்த உடம்பை நிற்கவைக்கிறது. ஆச்சி இரண்டையும் ஒரே தட்டில் வைத்தாள். இரண்டுக்கும் இடையே சண்டை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

*

நான் வயதுக்கு வந்தபோது உளுந்தங்களி நாட்கணக்கில் கிடைத்தது. கறுப்பு உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்தக் களியை நான் விரும்பியே தின்றேன். இருந்தும் அடுத்த ஆண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆச்சி கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளுத்துக் கெடக்கு" என்றாள். ரத்தச் சோதனையில் சோகை. டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மாத்திரையோடு காப்பியோ டீயோ குடித்தால் சத்து உடம்பில் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும் என்றும் சொன்னார். அன்றோடு எனக்குக் காலைக் காப்பி நின்றது. முருங்கைக் கீரையும், மதியத்தில் ஒரு பெருநெல்லியும் வந்தன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை. கீரை அந்தக் குறையை நிரப்ப உதவும். ஆழமான சோகைக்குக் கீரை மட்டும் போதாது. இரண்டும் உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பசி, தாகம், தும்மல், இருமல், கொட்டாவி, தூக்கம், கண்ணீர், மலம், சிறுநீர் எல்லாம் அதில் வரும். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை. அதுவும் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். காலையிலிருந்து சாயங்காலம்வரை நாங்கள் அடக்கிக்கொண்டிருப்போம். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டோம். எனக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் அடிக்கடி வந்தன. ஆச்சி பார்லித் தண்ணீரும் இளநீரும் கொடுத்தாள். காய்ச்சல் ஏறியபோது டாக்டரிடம் கூட்டிப்போனாள். மூன்றாவது வேலையையும் செய்தாள். தெருவிலிருந்த தாய்மார்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். "புள்ளைகள நீரடக்க வச்சா கர்ப்பப்பை வரைக்கும் கெடும். கதவத் தெறந்து வையுங்க" என்று சொன்னாளாம். அவள் சொன்ன காரணத்தில் மருத்துவக் கணக்கு முழுதும் சரியாக இருந்திருக்காது. அவள் கேட்டது முழுக்கச் சரி. அந்த வாரத்திலிருந்து கதவு திறந்திருந்தது.

உடல்நலம் என்பது ஒருவர் தன் வாய்க்குள் போடும் பொருளோடு முடிந்துவிடுவதில்லை என்று நான் அன்று கற்றேன். கழிப்பறையும், குடிக்கத் தண்ணீரும், நடக்க நல்ல தெருவும் மருந்தில் சேர்த்திதான். 2012-இல் எங்கள் மாவட்டத்தில் டெங்கு பரவியபோதும் இதைப் பார்த்தேன். நிலவேம்புக் குடிநீர் ஊரெங்கும் வழங்கப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு, சந்தனம், பற்படாகம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்ற ஒன்பதும் சேர்ந்த கசப்பு. அம்மாவும் குடித்தாள். குடித்த கையோடு மாடித் தொட்டிக்கு மூடி போட்டாள், கொல்லையில் கிடந்த டயரையும் சிரட்டையையும் கவிழ்த்தாள். டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகும்.

*

என் மகள் பிறந்தபோது ஆச்சிக்கு நல்ல வயது. உரைகல்லைக் கழுவி, வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தாள். சேனை தொட்டு வைக்கத் தேனும் வந்திருந்தது. குழந்தை மருத்துவர், ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்றார். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் விதைகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி நரம்பைத் தளரவைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். எனக்குள் ஒரு நடுக்கம், ஆச்சி மனம் நோவாளே என்று.

ஆச்சி முழுவதும் கேட்டாள். "நம்ம காலத்துல ஏன்னு தெரியாமச் செத்த புள்ளைக எத்தனையோ. இவங்க ஏன்னு சொல்லுதாங்க, கேப்போம்" என்றாள். உரைகல் பரணுக்குப் போனது. ஆனால் குழந்தையைப் பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை. எத்தனை முறை ஈரம் செய்தது, எத்தனை முறை பால் குடித்தது, அழுகையில் பசி எது, வயிற்றுவலி எது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் பத்தியச் சோறும், பிரசவ லேகியமும், பூண்டுக் குழம்பும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் உறங்குவதற்கு நேரமும் கொடுத்தாள். மரபு என்பது உரைகல் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

*

பிழைப்பு என்னைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. நாற்காலி வேலை, நேரம் கெட்ட சாப்பாடு, நள்ளிரவுத் தூக்கம். சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை நோய் வரத் தொடங்கியது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு, அதாவது வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. பயம் பெருகும் இடத்தில் வியாபாரமும் பெருகும். என் நெருங்கிய உறவினர் ஒருவர், சர்க்கரையை வேரோடு நீக்கும் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு பொடியை வாங்கினார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தினார். 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கால் விரலில் சிறு காயம். உணர்ச்சி குறைந்த பாதம் என்பதால் வலி தெரியவில்லை. அவர் காலை யாரும் பார்க்கவும் இல்லை. விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பொடியில் என்ன இருந்ததோ, யாருக்கும் தெரியாது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அவர் வீட்டில் எண்ணெய் தேய்க்கும் கை இல்லாமல் போனது. நிறுத்திவைத்துப் பார்க்கும் ஒரு ஆள் இருந்திருந்தால், அந்தக் காயம் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். இயற்கை என்ற பெயர் எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பைத் தந்துவிடாது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொல்லும் நஞ்சு. இருமலுக்கு நல்ல அதிமதுரம், தொடர்ந்து அதிகம் உண்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். மஞ்சளோடு மிளகு சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் உடம்பில் பன்மடங்கு சேர்கிறது என்று பெங்களூரு செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வு 1998-இல் காட்டியது. ரசத்தில் இரண்டும் சேர்வது நல்லதே. அதையே வடித்தெடுத்து வில்லையாக்கி அளவின்றி விழுங்கியவர்களில் சிலருக்கு ஈரல் பழுதடைந்திருக்கிறது. அடுக்களையின் அளவு வேறு, குப்பியின் அளவு வேறு.

விரலை இழந்த அவரைப் பிறகு தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அழைத்துப்போனேன். காலையிலேயே நீண்ட வரிசை. உள்ளே இருந்த இளம் சித்த மருத்துவர் முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனைச் சீட்டை. பிறகு நாக்கைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், எப்போது உறங்குகிறீர்கள் என்று கேட்டார். "இன்சுலினை நிறுத்தாதீங்க. இங்கே தர்றதை உங்க டாக்டர்கிட்டயும் காட்டுங்க" என்றார். எங்கள் வைத்தியரையாவின் தெளிவு அந்தக் குரலில் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

*

ஆச்சி இல்லை இப்போது. நான் அவள் வாழ்க்கையை அப்படியே சென்னை அடுக்ககத்தில் வாழ முடியாது. ஆறு இல்லை, கிணற்றடி இல்லை, தீபாவளி மருந்து இடிக்க உரல் இல்லை. எடுத்துக்கொள்ளக்கூடியதை எடுத்துக்கொண்டேன். விடிந்ததும் நடக்கிறேன். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கிறேன். வாரத்தில் ஒருநாள் கசப்பு, ஒருநாள் எண்ணெய்க் குளியல், நாள்தோறும் ஏதாவதொரு கீரை. ஆச்சி அடுக்களையிலும் குறைக்க வேண்டியது உண்டு: ஊறுகாயும் வற்றலும் அப்பளமும் உப்பை வாரி இறைப்பவை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே அவற்றை விசேஷ நாளுக்கு ஒதுக்கிவிட்டேன். ஆண்டுக்கொருமுறை ரத்தச் சோதனை செய்கிறேன். அதையும் நான் ஆச்சியின் மருத்துவமாகவே நினைக்கிறேன். அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தைப் பார்க்க இன்று ஒரு வழி இருக்கிறது. இன்று அவள் உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பாள்.

இவை எல்லாவற்றையும் விட நான் விடாமல் காப்பாற்றுவது ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் என் மாமியாருக்கு நான்தான் எண்ணெய் தேய்க்கிறேன். பாதத்தின் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன், விரலிடுக்குகளைத் துடைத்துப் பார்க்கிறேன், இந்த வாரம் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்கிறேன். முதலில் கூச்சப்பட்டவர் இப்போது அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார். பேச்சோடு பேச்சாக, மருமகளிடம் வேறு எப்போதும் சொல்லாத வலிகளையும் சொல்கிறார்.

வாசிக்கும் உங்களிடம் நான் கேட்பதும் அதையே. எந்த மூலிகை நல்லது என்று தேடும் முன், உங்கள் வீட்டில் யார் சரியாக உறங்கவில்லை, யாருக்குப் பசி குறைந்திருக்கிறது, யார் மூச்சு வாங்குகிறார், யார் பாதத்தைப் பல நாளாக யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியாக இருப்பவர்கள், ஒருவரை ஒருவர் விசாரிக்கும் ஒரு நட்பை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சோறும் உறக்கமும் நடையும் எண்ணெயும் கீரையும் தங்கள் வேலையைச் செய்யும். அவற்றால் ஆகாது என்று தெரிந்த அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக, பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இன்று உங்கள் வீட்டில் நீங்கள் இருங்கள்.